பதினாறு மணி நேர ரத்தம்: காமா இன்டர்ஃபெரான் சோதனையும் கம்பம் பள்ளத்தாக்கும்

காசநோய்த் தொற்றைக் கண்டறியும் காமா இன்டர்ஃபெரான் சோதனைக்கு ஒரு குழாய்க்கு ஒரு மில்லிலிட்டர் ரத்தம் போதும். ஆனால் அந்த ரத்தம் உயிரோடு இருக்க வேண்டும். எடுத்த 16 மணி நேரத்துக்குள் அது 37 டிகிரி வெப்பப் பெட்டிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது இச்சோதனையின் பொது விதி. தனிக் குழாயில் எடுத்துக் குளிரில் வைத்தால் இரண்டு நாள் வரை தாங்கும் ஏற்பாடு பின்னால்தான் வந்தது. சளி மாதிரி இவ்வளவு அவசரப்படுத்துவதில்லை. கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கி.மீ.; அங்கிருந்து மதுரை இன்னும் 75 கி.மீ. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டது. தேனிக்கு மீண்டும் ரயில் வர 2022 ஆயிற்று, போடிக்கு 2023. ஓர் ஆய்வகச் சோதனையின் வரலாற்றை எழுதும்போது ரயில் எதற்கு என்று கேட்கலாம். இந்தச் சோதனை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதைச் சாலையும் ரயிலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பதுதான் என் வாதம்.

காமா இன்டர்ஃபெரான் ஓர் அழற்சிச் சமிக்ஞைப் புரதம். காசநோய்க் கிருமியை ஒருமுறை சந்தித்த டி-செல்கள் அதன் துணுக்கை மறுபடி கண்டதும் இதைச் சுரக்கின்றன. கிருமியை விழுங்கும் பெருஞ்செல்கள் இந்த அழைப்பைக் கேட்டு முடுக்கம் பெறுகின்றன. இன்டர்ஃபெரான் என்ற பெயரை 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும் வைத்தார்கள். வெள்ளை அணுக்களிலிருந்து வரும் இந்தத் தனி வகையை 1965-இல் வீலாக் அடையாளம் கண்டார். அழைப்பு இருப்பது தெரிந்தாலும் அதை நேரடியாக அளக்க அப்போது வழி இருக்கவில்லை. ரத்தத்தில் நீந்தும் எத்தனையோ புரதங்களுக்கு நடுவே இது மிகச் சிறு அளவில்தான் இருக்கிறது. இது ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் வேண்டியிருந்தது.

அதற்கான வழியை 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் காட்டினார்கள். எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் செல்லைச் சாகாத புற்றுச் செல்லோடு இணைத்தால், ஒரே அச்சில் வார்த்த எதிர்ப்பொருளை வேண்டுமளவு எடுக்கலாம். இதுவே மோனோகுளோனல் எதிர்ப்பொருள். அவர்கள் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. 1984-இல் நோபல் பரிசு வந்தது. பிடித்ததை நிறமாகக் காட்டும் எலைசா முறை 1971-லேயே ஸ்டாக்ஹோமில் எங்வால், பெர்ல்மான் கையில் உருவாகியிருந்தது. 96 குழிகள் கொண்ட தட்டில், குழியின் அடியில் ஓர் எதிர்ப்பொருளை ஒட்டவைக்கிறார்கள். அது புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவிய பிறகு, நொதி பூட்டிய இரண்டாவது எதிர்ப்பொருள் அதே புரதத்தின் வேறோர் இடத்தில் வந்து ஒட்டும். நிறமூட்டியை ஊற்றினால் குழி நீலமாகும். அமிலம் விட்டு நிறுத்தினால் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அழுத்தமோ புரதம் அவ்வளவு.

அந்த நொதி ஹார்ஸ்ராடிஷ் என்ற செடியின் வேரிலிருந்து வருகிறது.   

இச்சோதனை மனிதனுக்காகப் பிறந்ததல்ல என்பது பலருக்கும் தெரியாது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் பால் வுட் குழுவினர் 1990-இல் இதை மாட்டுக் காசநோய்க்காக உருவாக்கினார்கள். அதுவரை மாட்டுத் தோலில் டியூபர்குலின் ஊசி போட்டு, மூன்றாம் நாள் அதே மாட்டைத் திரும்பப் பிடித்து வீக்கத்தை அளக்க வேண்டும். மந்தையை இரண்டு முறை அடைப்பது பெரும்பாடு. குழாயில் எடுத்த ரத்தம் அந்த இரண்டாம் முறையை ஒழித்தது. மேகமலைச் சரிவில் மேயும் மலைமாடுகளையும் கிடைபோட்டு நகரும் புலிகுளம் மாடுகளையும் அறிந்தவர்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. மாட்டின் காமா இன்டர்ஃபெரானைப் பற்றும் எதிர்ப்பொருள் மனிதனுடையதைப் பற்றாது. ஆகவே மனிதச் சோதனைக்கு எதிர்ப்பொருளை மாற்றினார்கள். வடிவம் அப்படியே நின்றது. குவாண்டிஃபெரான் என்ற பெயரில் அமெரிக்க ஒப்புதல் 2001-இல் கிடைத்தது.

மனிதனுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டு விடை ஒன்று உண்டு. 1890-இல் கோக் தந்த டியூபர்குலினை 1908-இல் மான்டூ தோலுக்குள் போடும் ஊசியாக்கினார். அந்தக் கலவை பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவரிடமும், மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக்காரக் கிருமிகளைச் சந்தித்தவரிடமும் வீக்கம் காட்டக்கூடியது. கிண்டியில் 1948-இல் பி.சி.ஜி. ஆய்வகம் தொடங்கியபோதே அத்தடுப்பூசி மேல் சந்தேகங்கள் இருந்தன; 1955-இல் ராஜாஜி அதை எதிர்த்துத் தனிச் சிறுநூலே வெளியிட்டார். 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் ஆய்வில் சுமார் 2,60,000 பேர் சேர்க்கப்பட்டனர். 1979-இல் வெளியான முதல் முடிவும் 15 ஆண்டுப் பின்தொடர்தலும் ஒன்றையே சொல்லின: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை. ராஜாஜியின் காரணங்கள் வேறு, செங்கல்பட்டின் எண்கள் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி அவரைத் தீர்க்கதரிசி ஆக்குவது சரியல்ல. செங்கல்பட்டில் டியூபர்குலினுக்கு ஊரே கைவீங்கியது. அதில் எது காசநோய்க் கிருமி, எது மண் கிருமி என்று பிரிக்க அந்த ஊசியால் இயலவில்லை. சோதனையைத் திருத்தும் தேவையை இதைவிடப் பெரிய அளவில் வேறெந்த ஊரும் காட்டியதாக நான் நினைக்கவில்லை.

பி.சி.ஜி. கிருமி தன் மரபணுத் தொகுப்பில் ஒரு பகுதியை இழந்துவிட்டது என்பது 1996-இல் உறுதியாயிற்று. அப்பகுதி உருவாக்கும் இசாட்-6, சி.எஃப்.பி.-10 என்ற இரு புரதங்களை மட்டும் குழாயில் உள்ள ரத்தத்தில் இட்டால், தடுப்பூசி போட்டவரும் குழப்பமாட்டார். 2005-இல் ஒப்புதல் பெற்ற அடுத்த பதிப்பு அப்படித்தான் வந்தது. மில்லிலிட்டருக்கு 0.35 அலகு காமா இன்டர்ஃபெரான் என்பது எல்லைக்கோடு.

கோடு தெளிவானதும் வேறொரு சிக்கல் முளைத்தது. சோதனை சொல்வது தொற்றை, நோயை அல்ல. 2019–21 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 31 விழுக்காட்டினர் தொற்றுடையவர்கள். இருமலோடு வருபவரிடம் இச்சோதனையைச் செய்தால் மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு வரும் அதே ‘ஆம்’ வரலாம். அதை வைத்து மருந்து தொடங்க முடியாது. ஏழை, நடுத்தர நாடுகளில் நோயைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் சொன்னது இதனால்தான்.

2012-இல் இந்திய அரசு காசநோய்க்கான எதிர்ப்பொருள் சோதனைகளைத் தடைசெய்தது. அது வேறு சங்கதி: நோயாளியின் ரத்தத்தில் அவருடைய எதிர்ப்பொருளைத் தேடிய கருவிகள் அவை. இங்கே எதிர்ப்பொருள் ஆய்வகத்தின் கருவி, தேடப்படுவது புரதம். சொல் ஒன்று என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

2021-இல் வந்த தேசிய வழிகாட்டுதல் இதற்கு உரிய இடத்தைத் தந்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவருக்குத் தடுப்பு மருந்து தரலாமா என்று முடிவெடுக்கவே இது. கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப் ஏறும் தொழிலாளர் வீடுகளுக்கு இந்தக் கேள்வி பொருந்தும். சேகரிக்கும் இடம் க.விலக்கு மருத்துவமனையோ, கம்பமோ, மலையடிவார ஊரோ, அங்கே மணி ஓடத் தொடங்கிவிடும்.

2022-இல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் எதிர்ப்பொருளைத் தொடவே இல்லை. எடை, மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, கால்வீக்கம், எழுந்து நிற்க முடிகிறதா என்பதை வைத்தே கடுமையான நோயாளியைப் பிரித்துவிடுகிறது. அதே ஆண்டு சீரம் இன்ஸ்டிடியூட்டின் சை-டி.பி. ஊசிக்கு ஒப்புதல் வந்தது. குழாயில் இட்ட அதே இரு புரதங்களை அது தோலுக்குள் இடுகிறது. எலைசா தட்டு வேண்டாம், வெப்பப் பெட்டி வேண்டாம், பதினாறு மணி நேரக் கெடு இல்லை. ஆனால் ஊசி போட்டவர் 48 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் கையைக் காட்டத் திரும்பி வர வேண்டும். ஆஸ்திரேலிய மந்தையில் தொல்லை கொடுத்த மூன்றாம் நாள் போடியில் மறுபடி வந்து நிற்கிறது. அன்று அதிகாலை ஜீப் மலையேறிவிட்டிருக்கும்.