சீனத்து மருத்துவமும் முஸ்லிம் அறிஞர்களும்

கல்வியின் சிறப்பைப் பேசும் மேடைகளில், சீன தேசத்தைக் குறிப்பிடும் செய்தியொன்று நபிமொழியாக எடுத்துரைக்கப்படுவதுண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் நம்பத்தக்கதன்று என ஹதீஸ் கலை வல்லுநர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். ஆயினும் முஸ்லிம் அறிஞர்கள் சீனரின் மருத்துவத்தை நாடிக் கற்றார்கள் என்பது உறுதியான வரலாறு. நம் ஊர்களிலும் அக்குபங்சர் சிகிச்சை பரவியுள்ள இந்நாளில் அவ்வரலாற்றை அறிவது நமக்குப் பயனளிக்கும்.

சீன மருத்துவத்தின் மூலநூலான 'ஹுவாங்டி நெய்ஜிங்' ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. உடலில் 'சி' எனப்படும் உயிராற்றல் 12 முதன்மைத் தடங்களில் ஓடுகிறது. அவ்வோட்டம் தடைபட்டால் நோய் தோன்றுகிறது. உரிய புள்ளிகளில் மெல்லிய ஊசியைச் செருகினால் அது சீராகும் என்பதே ஊசி மருத்துவத்தின் கொள்கை. நாடி பார்த்தலும் மூலிகைகளும் சீன மருத்துவத்தின் பிற கூறுகள். 11-ஆம் நூற்றாண்டில் சோங் அரசவை மருத்துவர் வாங் வெய்யீ, புள்ளிகள் குறிக்கப்பட்ட வெண்கல மனித உருவங்களைச் செய்வித்து மாணவர்களுக்குப் பயிற்சியளிக்க வழிவகுத்தார்.

முஸ்லிம் உலகுக்கும் சீனத்துக்கும் இடையே அறிவு இரு திசையிலும் பயணித்தது. மாமருத்துவர் அர்ராஸீயிடம் வந்து தங்கிய சீன அறிஞர் ஒருவர், அரபு மொழியைக் கற்று, காலனின் மருத்துவ நூல்கள் வாசிக்கப்படக் கேட்டு, சுருக்கெழுத்தில் பிரதியெடுத்துச் சென்றதாக இப்னுன் நதீம் தம் 'ஃபிஹ்ரிஸ்த்' நூலில் பதிவு செய்துள்ளார். பாரசீகத்தின் தப்ரீஸ் நகரில் அமைச்சர் ரஷீதுத்தீன், சீனரின் நாடி நூலைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தார். ஹிஜ்ரி 713-இல் (1313) உருவான அந்த 'தன்சூக் நாமா'வின் கையெழுத்துப் பிரதி இஸ்தான்புல்லில் உள்ளது. அவ்வாறே முஸ்லிம் மருத்துவத்தைச் சீன மொழியில் விளக்கும் 'ஹுய்ஹுய் யாவோஃபாங்' 36 பகுதிகளாக எழுதப்பட்டது; அவற்றுள் 4 பகுதிகள் எஞ்சியுள்ளன.

சீனரும் தம் மரபை எக்காலமும் ஒரே நிலையில் போற்றவில்லை. 1822-இல் தாவோகுவாங் பேரரசர் அரசவை மருத்துவக் கழகத்தில் ஊசி மருத்துவத்தைத் தடைசெய்தார். மறுபுறம், 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங்கின் குறிப்பு ஒன்று, மூலிகையைக் கொதிக்க வைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்கிறது. அதிலிருந்து வழி கண்டு மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் மருந்தைப் பிரித்தெடுத்த தூ யூயூ 2015-இல் நோபல் பரிசு பெற்றார். மரபு வழிகாட்டியது, சோதனை அதனை மருந்தாக்கியது.

ஊசி மருத்துவத்துக்கும் அதே அளவுகோல்தான். நாள்பட்ட வலியிலும், புற்றுநோய் மருந்துகளால் வரும் குமட்டலிலும் அது ஓரளவு தணிவு தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பாவனையாகக் குத்தப்படும் ஊசியும் பெரும்பாலும் அதற்கு நெருங்கிய பலனையே தருகிறது. 'சி' ஓடும் தடங்களோ உடற்கூற்றியலில் காணப்படவில்லை. எனவே வலி தணிய அதனை நாடுவோர், தூய்மையான ஊசியும் பயிற்சி பெற்ற கரமும் உண்டா எனப் பார்க்கட்டும். இன்சுலினை நிறுத்துங்கள், புற்றுநோய் சிகிச்சையைக் கைவிடுங்கள் என்போருக்கு எவரும் செவிசாய்க்க வேண்டாம்.

எந்த நோய்க்கும் நிவாரணியை இறைவன் இறக்கியே உள்ளான் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. நிவாரணியைத் தேடுவது நம் கடமை. தேடலில் ஆராய்ந்து தெளிவது அக்கடமையின் பகுதி. உயிர் அல்லாஹ்வின் அமானிதம் அல்லவா?