மறியல்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பெண்டாங்கிலிருந்து தெற்கே குரூணைத் தாண்டினால் பீடோங். 1947 பிப்ரவரி 28 அன்று அங்கே கள்ளுக்கடை முன்னால் தோட்டத் தொழிலாளர்கள் மறியலுக்கு நின்றார்கள். போலீஸ் அடித்துக் கலைத்தது. அடிபட்ட தொழிலாளி ஒருவர் பின்னர் இறந்துபோனார். அன்று அவர்கள் செய்ததற்குப் பெயராக நிற்கும் சொல், தோட்டத்துக்கு வருமுன் நெடுந்தூரம் நடந்து வந்தது.

மறித்தல் என்றால் தடுத்தல். ஆட்டை மறிக்கிறோம், வாய்க்காலை மறிக்கிறோம். மறியல் அதன் தொழிற்பெயர். பழைய வழக்கில் அது ஆளைத் தடுத்து வைப்பதையே குறித்தது. இலங்கையில் இன்றும் மறியல் என்றால் சிறை. விசாரணைக் கைதியை வைப்பது விளக்கமறியல். பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தை எழுதியிருக்கிறார்: கடன் கொடுத்தவன் கடனாளியைச் சுற்றி வட்டம் கீறிவிட்டால், கடனைத் தீர்க்காமல் அவன் அதைத் தாண்டக்கூடாது. அரசனையே ஒரு வணிகன் இப்படி நிறுத்தி வைத்ததைத் தாம் கண்டதாகவும் சொல்கிறார். எளியவன் வலியவனை நிறுத்தி வைக்கலாம் என்ற எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதல்ல.

ஆனால் அதிகாரத்தின் கையில் இருந்த இந்தச் சொல் மக்கள் கைக்கு வந்தது காந்தி காலத்தில்தான். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல்; பெரியார் ஈ.வெ.ரா. சிறை சென்றதும் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் களத்தில் இறங்கினார்கள். 1938இல் சென்னையில் பள்ளி வாசலில் இந்தி எதிர்ப்பு மறியல். ஆங்கிலேயருக்கு எதிராகக் காங்கிரஸ் பழக்கிய ஆயுதம், ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவைக்கு எதிராகவே திரும்பியது. எதிர்க்கட்சிக்கு உரிய சொல்லாக அது நிலைத்தது அப்போதுதான் என்பது என் எண்ணம்.

கெடாவில் அது வேறு கனம் பெற்றது. அந்நாளில் தோட்டத்துக் கள்ளுக்கடையை நிர்வாகமே நடத்துவது வழக்கம். சம்பளம் கொடுத்த கையே கடையில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. லயத்து அடுப்பு அணைந்து கிடந்தது. ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை இதைத்தான் எதிர்த்தது. இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பும் கட்டுப்பாடும் அந்தப் படையில் தெரிந்தன. பீடோங் மறியலுக்குப் பின் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் இன்னொரு தொழிலாளி இறந்தார்.

மறியலுக்கு நின்றவர்களை அடக்கும் கதை வெளிநாட்டிலும் இதுவே. 1917 ஜனவரியில் ஆலிஸ் பாலும் தோழியரும் வாக்குரிமை கேட்டு அமெரிக்க வெள்ளை மாளிகை வாசலில் பதாகை ஏந்தி, வாய் திறக்காமல் நின்றார்கள். நடைபாதையை மறித்தார்கள் என்று அதிகாரிகள் வழக்குப் போட்டு அவர்களைச் சிறையில் தள்ளினார்கள்.

மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டம், 40ஆம் பிரிவில், தகராறு நடக்கும் தம் வேலையிடத்தருகே தொழிலாளர் அமைதியாக நின்று செய்தி சொல்லவும், வேலைக்குப் போகவேண்டாம் என்று கேட்கவும் இடம் தருகிறது. மிரட்டக்கூடாது, வாசலை அடைக்கக்கூடாது. அதாவது, மறியல் செய்யலாம், மறிக்கக்கூடாது.

பீடோங்கில் நின்றவர்கள் கேட்டதும் அதுதான்: நம்மாள் உள்ளே போகவேண்டாம். அதைக் கலவரம் என்று எழுதிவைத்த ஏடுகளை நான் ஏற்கவில்லை. அது மறியல்.