ஒரு பவுண்டுக்குப் போன கண்டுபிடிப்பு



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்; பதிவு எங்கேயும் போய்விடாது.

வால்வு ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் என்று ஒரு சாதனம் இப்போது இளைஞர்களிடம் பரவி வருகிறது. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. அதன் தலையில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் மங்கலாக ஒளிரும். செல்போனில் வரும் பாட்டை அதன் வழியாகக் கேட்கிறார்கள். என் தங்கை மகனும் யாரோ பயன்படுத்திய ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். போட்டதும் சூடேற அரை நிமிடம் எடுத்துக்கொண்டு, பிறகு பாடத் தொடங்கிய நம் வீட்டு வால்வு ரேடியோவின் பேரப்பிள்ளை அது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் அதற்குள் சில மனிதர்களின் வாழ்க்கையே இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் கண்ணாடிக் குழாய். 1880களில் எடிசன் தன் மின்விளக்குகள் உள்ளே கறுத்துப்போவதை ஆராய்ந்தார். விளக்குக்குள் தனியாக ஓர் உலோகத் தகட்டை வைத்தபோது, இழைக்கும் தகட்டுக்கும் இடையே வெற்றிடம் இருந்தும் மின்சாரம் பாய்வதைக் கண்டார். குறித்து வைத்தார், பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. லண்டன் பேராசிரியர் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் 1904இல் அதே உண்மையை வைத்து வானொலி அலைகளைப் பிடிக்கும் வால்வைச் செய்தார். தண்ணீர்க் குழாயின் வால்வு போல மின்சாரத்தை ஒரே திசையில் விடுவதால் அந்தப் பெயர். ஃபிளெமிங்குக்குக் காது சரியாகக் கேட்காது. உலகம் பாட்டுக் கேட்கக் காரணமான மனிதருக்கு இப்படி ஒரு குறை!

1906இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் அந்த இழைக்கும் தகட்டுக்கும் நடுவே வளைத்த கம்பி ஒன்றை வைத்தார். அதுதான் கிரிட். கிரிட்டில் சிறிய சமிக்ஞை கொடுத்தால் தகட்டில் பெரிய மாற்றம் கிடைக்கும். மதகுப் பலகையைச் சிறுவன் ஒருவன் ஒரு கையால் ஏற்றி இறக்கினால் வாய்க்கால் முழுவதும் கூடிக் குறைகிறதல்லவா, அதே கதைதான். குழாய்க்குள் கொஞ்சம் வாயு மிச்சம் இருக்க வேண்டும் என்று டி ஃபாரஸ்ட் நினைத்திருந்தார். வேறு சிலர் வாயுவை முழுவதும் அகற்றிப் பார்த்தார்கள். அதன் பிறகே அது நம்பகமான ஆம்ப்ளிஃபையர் ஆனது. 1915 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை தொலைபேசியில் பேச முடிந்தது வால்வுகளால்தான். ஃபிளெமிங்கின் காப்புரிமை என்ன ஆயிற்று? 1943இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அப்போது அவருக்கு வயது 93.

அடுத்தது ஹெட்போன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்த ஹெட்போனை 1910இல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். சோதித்துப் பார்த்த கடற்படை அசந்துபோய் ஆர்டர் கொடுத்தது. தொழிற்சாலை வந்தது, பணம் கொட்டியது. பிறகு அத்தனையும் கைவிட்டுப் போய், வறுமையிலேயே 1961இல் மறைந்தார்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த மனிதர். குழாய்களைத் தாங்கி நிற்கும் பலகையைப் பாருங்கள். அதில் கம்பி இல்லை. செம்புக் கோடுகள்தான் கம்பியாக வேலை செய்கின்றன. அச்சிட்ட மின்சுற்றுப் பலகை, நம் மெக்கானிக்குகள் சொல்லும் 'போர்டு'. இன்று செல்போன் முதல் ராக்கெட் வரை இது இல்லாமல் எதுவும் இல்லை. இதற்கு வழிகாட்டியவர் பால் ஐஸ்லர்.

1907இல் வியன்னாவில் பிறந்த யூதர். பொறியியல் படித்தும், யூதர் என்பதால் சொந்த ஊரில் வேலை கிடைக்கவில்லை. 1936இல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். அந்தக் காலத்து ரேடியோவுக்குள் நூற்றுக்கணக்கான இணைப்புகளைக் கையால் ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். புத்தகம் அச்சடிப்பது போல மின்சுற்றையும் அச்சடித்தால் என்ன என்று இவர் யோசித்தார். பலகையில் செம்புத் தகட்டை ஒட்டி, வேண்டிய கோடுகளை மையால் மூடி, மற்ற செம்பை அமிலத்தில் கரைத்துவிட வேண்டியது. படத்துக்குப் படம், கோட்டுக்குக் கோடு மாறாது. ஒரு நிறுவனத்திடம் கொண்டுபோய்க் காட்டினார். பெண் தொழிலாளர்களை வைத்துச் செய்வதே மலிவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

போர் வந்ததும், எந்த நாஜிகளிடமிருந்து தப்பி வந்தாரோ அவர்களுடைய நாட்டவர் என்ற கணக்கில் இவரையே ஆங்கிலேயர்கள் சிறைமுகாமில் அடைத்தார்கள். வெளியே வந்தபின் லண்டனில் இசைக் குறிப்புத் தாள்கள் அச்சிடும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒப்பந்தத்தை முழுவதும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். வேலைக் காலத்தில் அவர் கண்டுபிடிக்கும் எதன் உரிமையும் ஒரு பவுண்டு பெயரளவுத் தொகைக்கு நிறுவனத்துக்குச் சொந்தம் என்று அதில் இருந்தது. இதற்கென இருந்த துணை நிறுவனத்தில் ஒரு சிறு பங்கு மட்டும் அவருக்குக் கிடைத்தது. 1943இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அமெரிக்கர்கள் விமான எதிர்ப்புக் குண்டுகளின் முனையில் வைத்த சிறு வானொலிக் கருவியில் அச்சுச் சுற்றையும் சின்னஞ்சிறு வால்வுகளையும் சேர்த்தபோதுதான் இதன் அருமை உலகத்துக்குத் தெரிந்தது. ஐஸ்லர் 1957இல் அந்த நிறுவனத்தை விட்டு விலகினார். 1992இல் காலமானார்.

இங்கே ஒரு வேடிக்கை. வால்வும் போர்டும் நல்ல ஜோடி அல்ல. ஐம்பதுகளில் வால்வு ரேடியோ, டிவிகளுக்குள் போர்டு வந்தபோது மெக்கானிக்குகள் முகம் சுளித்தார்கள். அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம், 'எங்கள் பெட்டியில் போர்டு கிடையாது, எல்லாம் கையால் பற்றவைத்தது' என்றே விளம்பரம் செய்தது. காரணம் சூடு. 12ஏயூ7 என்ற சாதாரண வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இழைக்கு 12.6 வோல்ட், 0.15 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 1.9 வாட். அத்தனையும் சூடு. போட்டால் விரிவதும் அணைத்தால் சுருங்குவதுமாக, சாக்கெட் கால்களைச் சுற்றி வைத்த ஈயம் நாளடைவில் வளையமாக வெடித்துவிடும்.

தங்கை மகன் பெட்டியிலும் அதுவேதான். 'உம்'மென்று ஓர் இரைச்சல். வலது காதில் பாட்டு விட்டு விட்டு வந்தது. விற்ற இடத்தில் கேட்டால், 'ரிப்பேர் கிடையாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்' என்றார்கள். என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்து, ஐடிஐ முடித்து, இன்று சின்னதாக ரிப்பேர் கடை வைத்திருக்கும் மாணவன் ஒருவனிடம் கொண்டுபோனோம். கூடவே உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினான். உடனே கை வைக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கண்டென்சர்களுக்குள் நூறு, இருநூறு வோல்ட் தேங்கி நிற்கும், ஆளையே கொல்லும். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தொட்டான். சூட்டில் காய்ந்துபோன வடிகட்டிக் கண்டென்சர்தான் இரைச்சலுக்குக் காரணம். அதை மாற்றினான். சாக்கெட்டில் வெடித்திருந்த ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தான். ஓர் இடத்தில் செம்புக் கோடே பலகையை விட்டுப் பெயர்ந்திருந்தது. அங்கே மெல்லிய கம்பியால் பாலம் போட்டான்.

'சார், ஒரு சின்ன மாற்றமும் செய்யலாம்' என்றான். பழைய ஹெட்போன்கள் ஆயிரக்கணக்கான ஓம் மின்தடை உள்ளவை; வால்வோடு ஒத்துப்போகும். இன்றைய ஹெட்போன் பலவும் 32 ஓம். அவன் பெட்டியில் வெளியே போகும் வழியில் 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இருந்தது. கணக்குப் போட்டால் 32 ஓமுக்குச் சுமார் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேயத் தொடங்கும். பாட்டின் மிகத் தாழ்ந்த ஒலிகள் அங்கேதானே இருக்கின்றன! 470 மைக்ரோஃபாரட் போட்டால் அந்த எல்லை சுமார் 11 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வோல்ட் தாங்கும் அளவு மட்டும் குறையக் கூடாது. போட்டான். தவில் முழுசாகக் கேட்டது. செலவு ஒரு குடும்பம் ஓட்டலில் டிபன் சாப்பிடும் பணம்தான்.

அந்தக் காலத்து ரேடியோப் பெட்டிகள் பலவற்றில் எந்த வால்வு எங்கே என்று உள்பக்கம் படம் ஒட்டியிருப்பார்கள். 'திறந்து பார், சரிசெய்' என்று செய்தவனே சொன்ன மாதிரி. இன்று மூடியைத் திறக்கவே முடியாதபடி ஒட்டி அனுப்புகிறார்கள். திறக்க முடியாத பொருளைப் பணம் கொடுத்து வாங்கினாலும் அது பாதிதான் நமக்குச் சொந்தம். என் கவலை குப்பை சேர்வது மட்டுமல்ல. சரிசெய்யத் தெரிந்த கைகள் வேலையில்லாமல் போனால் அந்த அறிவும் ஒரு தலைமுறையில் போய்விடும். அதை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவன் என்று பலர் நினைத்த அந்தப் பையன், 50 ஹெர்ட்ஸ் கணக்கை மனக்கணக்காகச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

உங்களுக்கு இரண்டு வார்த்தை. வீட்டில் ஒரு பொருள் பழுதானால் குப்பையில் போடுமுன் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டுங்கள். வேலைக்குச் சேரும் உங்கள் பிள்ளைகளிடம், ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஐஸ்லர் அத்தனை பெரிய அறிவாளி; அந்த ஒரு காகிதத்தைத்தான் படிக்கவில்லை.

உங்கள் வீட்டில் வால்வு ரேடியோ இருந்ததா? என்ன கம்பெனி, எந்த நிலையம் கேட்பீர்கள்? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்