மடிக்கணினி வைஃபை மாறுவது யார் சொல்லி?



சென்னையில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டார். "ஐயா, ஆபீஸ்ல மூடின லேப்டாப்பை வீட்ல திறந்தா தானாவே வீட்டு வைஃபைக்கு மாறிக்குது. ஆனா மாடிக்கு எடுத்துட்டுப் போனா, அங்க தனி வைஃபை இருந்தும் கீழ இருக்கிற சிக்னலையே பிடிச்சிக்கிட்டுச் சுத்துது. போன் இப்படிப் பண்றதில்லையே, ஏன்?"

நல்ல கேள்வி. பதில் வரலாற்றில் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் செல்போன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை பேருந்தில் பேசிக்கொண்டே போகலாம். ஒரு கோபுரம் நம் பேச்சை அடுத்த கோபுரத்திடம் ஒப்படைப்பது நமக்குத் தெரியவே தெரியாது. கல்வராயன் மலை ஏறும்போதுதான் வளைவுக்கு வளைவு விட்டுவிட்டுக் கேட்கும். இப்படிக் கைமாற்றும் ஏற்பாட்டுக்கு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏமோஸ் ஜோயல் 1972-இல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் வந்த ஜி.எஸ்.எம். முறையில், சுற்றியுள்ள கோபுரங்களின் வலிமையைப் போன் அளந்து சொல்லும். 'நீ இனி அங்கே போ' என்று உத்தரவு போடுவது நிறுவனத்தின் வலையமைப்பு. எல்லாக் கோபுரங்களும் அதன் மேற்பார்வையில் இருப்பதால் அது முடிகிறது.

வைஃபை பிறந்த இடம் வேறு. அது கடையில் பிறந்தது! 1985-இல் அமெரிக்க அரசு சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமலே பயன்படுத்த அனுமதித்தது. கடைகளுக்குப் பில் போடும் இயந்திரம் செய்துவந்த என்.சி.ஆர். நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டது. கடையை மாற்றி அமைக்கும்போதெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் புதிதாக ஒயர் இழுக்க வேண்டியிருந்த தொல்லையிலிருந்து தப்பிக்க வழி கிடைத்தது. அதன் நெதர்லாந்துக் கிளையில் இருந்த விக் ஹேஸ் 1990 முதல் தரநிலைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 802.11 என்ற தரநிலை 1997-இல் வெளிவந்தது. வைஃபை என்ற செல்லப்பெயர் வந்தது 1999-இல்.

அந்தத் தரநிலை ஒன்றை மட்டும் விதிக்காமல் விட்டது. கருவி எந்த நேரத்தில் ஒரு பெட்டியை விட்டு இன்னொரு பெட்டிக்குத் தாவ வேண்டும்? அது கருவியின் இஷ்டம். ஆளுக்கொரு கணக்கை நிறுவனங்கள் வைத்துக்கொண்டன. சிக்னல் அநேகமாகச் சாகும்வரை பழைய இடத்தை விடக் கூடாது என்பது பல மடிக்கணினிகளின் கணக்கு. நம் மாணவரின் மாடிப் பிரச்சினை இதுதான்.

சரி, ஆபீஸிலிருந்து வீட்டுக்கு மட்டும் எப்படி மாறுகிறது? பெயரை வைத்து. வைஃபையின் ஆரம்ப காலத்தில் ஒவ்வோர் இடத்திலும் கையால் அமைக்க வேண்டியிருந்தது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, சேர்ந்த வலையமைப்புகளின் பெயர்களைப் பட்டியல் போட்டு வைத்து, அதில் எது கண்ணில் பட்டாலும் தானே சேர்ந்துகொண்டது. லினக்ஸ் பக்கம் 2004-இல் ரெட் ஹாட் தொடங்கிய நெட்வொர்க் மேனேஜர் அந்த வேலையைச் செய்தது.

வசதிதான். ஆனால் பெயர் என்ன, யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமே! அமெரிக்க விமான நிலையங்களில் பல ஆண்டுகள் 'ஃப்ரீ பப்ளிக் வைஃபை' என்ற பெயர் தென்பட்டது. சேர்ந்து பார்த்தால் இணையமே வராது. பட்டியலில் உள்ள எதுவும் கிடைக்காவிட்டால், முன்பு வேறொரு கணினியோடு நேரடியாகச் சேர்ந்திருந்த பெயரில் எக்ஸ்பி தானே ஒரு வலையமைப்பைப் பரப்பத் தொடங்கிவிடும். ஏமாந்து சேர்ந்த மடிக்கணினியும் அடுத்த ஊரில் அதே பெயரைப் பரப்பும். அம்மை மாதிரி ஒட்டிக்கொண்டே போனது. 2008-இல் வந்த மூன்றாம் சர்வீஸ் பேக்கில்தான் அதைச் சரிசெய்தார்கள். இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் 2004-லேயே டீனோ தாய் சோவி, ஷேன் மக்காலே என்ற இருவர் 'கர்மா' என்றொரு கருவி செய்து காட்டினார்கள். மடிக்கணினி எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் 'நான்தான் அது' என்று அது பதில் சொல்லும். கடவுச்சொல் இல்லாத பெயர் என்றால் மடிக்கணினி நம்பிச் சேர்ந்துவிடும். என்ன பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று ஆனது 2005 ஜனவரியில். திறந்து கிடக்கும் வைஃபை எவ்வளவு ஆபத்து என்பது 2008 ஜூலையில் தெரிந்தது. அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சலின் முகவரி, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டைக் காட்டியது. பாதுகாப்பில்லாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபைக்குக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது.

நம் பிள்ளைகள் கைக்கு மடிக்கணினி வந்தது அதற்கப்புறம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. களமருதூர்ப் பக்கம் அப்போது வீட்டில் வைஃபை பெட்டி ஏது? டேட்டா கார்டு, பிறகு அண்ணன் போனின் ஹாட்ஸ்பாட். அதிலும் ஒரு வேடிக்கை. பல போன்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு 'ஆண்ட்ராய்டு ஏபி' என்ற ஒரே பெயர்தான் கம்பெனியிலிருந்தே வந்தது. ஒரே அறையில் நாலு பேர் போட்டால் மடிக்கணினி பாவம் யாரைத் தேடும்? ஒருவர் போனுக்கு இன்னொருவர் கடவுச்சொல்லைக் கொடுத்துத் தோற்றுக்கொண்டிருக்கும்.

2012-இல் வந்த விண்டோஸ் 8 கொஞ்சம் புத்திசாலி. நாம் கையால் துண்டித்தால் அந்தப் பெயரில் மறுபடி தானாகச் சேராது. ஒன்றை விட்டு இன்னொன்றை நாம் தேர்ந்தெடுத்தால் இரண்டாவதற்கு முன்னுரிமை தரும். மாடித் தொல்லைக்கும் 2008-இல் 802.11கே, 802.11ஆர், 2011-இல் 802.11வி என்ற துணைத் தரநிலைகள் வந்தன. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பெட்டி இப்போது சொல்லித் தரலாம், 'அங்கே போயேன்' என்று பரிந்துரைக்கலாம். கேட்பதும் கேட்காததும் இன்னமும் மடிக்கணினியின் விருப்பம்தான்!

அதனால் அந்த மாணவருக்குச் சொன்னது இதுதான். மாடிப் பெட்டிக்கும் கீழ்ப் பெட்டிக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் வையுங்கள், தாவுவது சுலபமாகும். ரயில் நிலையம், ஓட்டல், பேருந்து நிலையம் என்று கடவுச்சொல் இல்லாமல் சேர்ந்த பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

அரசு கொடுத்த அந்த மடிக்கணினி யாரிடமாவது இன்னும் ஓடுகிறதா? ஓடினால் அதன் வைஃபை பட்டியலைத் திறந்து, பழைய பெயர்கள் என்னென்ன இருக்கின்றன என்று கீழே எழுதுங்கள். கடவுச்சொல்லை எழுதிவிடாதீர்கள்!