பிரித்துப் பின்னியவர்கள்

நெய்த துணியைக் கத்தரித்துத் தைத்துவிட்டால் அதைத் திரும்ப நூலாக்குவது பெரும்பாடு. பாவும் ஊடும் துண்டு துண்டாகப் போய்விடும். அப்படியும் விடாதவர்கள் உண்டு. வட அமெரிக்காவின் நவஹோ மக்கள், வணிகர்கள் கொண்டுவந்த சிவப்புக் கம்பளித் துணியை இழை இழையாய் உருவி, அந்த நூலைத் தங்கள் போர்வைகளில் நெய்தார்கள். பின்னலுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாகத் தன்னையே கோத்துக்கொண்டு நிற்பதுதான் ஸ்வெட்டர். கடைசிக் கண்ணியை அவிழ்த்து இழுத்தால் கழுத்திலிருந்து இடுப்புவரை சரசரவென்று வந்துவிடும்.

குன்னூர்க்காரியான எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பெரியம்மா. "கத்தரியக் கீழ வைடி. மொதல்ல முனையத் தேடு" என்பார். அவர் வீட்டில் புது நூல் வாங்குவது அபூர்வம். பெரியப்பாவின் ஸ்வெட்டர் முழங்கையில் இற்றுப்போனால் அது எனக்குக் கையில்லாத ஸ்வெட்டராகும். எனக்குப் பற்றாமல் போனால் தம்பிக்கு மங்கி குல்லா. அதற்கும் மிஞ்சிய நூல் சதுரம் சதுரமாகி, ஒரு போர்வையின் மூலையில் போய்ச் சேரும். இன்று என் பேத்தி 'அப்சைக்கிளிங்' என்று சொல்லிக்கொண்டு வரும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. பின்னல் எவ்வளவு பழையதோ பிரித்தலும் அவ்வளவு பழையது என்பது என் கட்சி.

இதற்குச் சாட்சி தேடினால்தான் சிக்கல். பிரித்த ஸ்வெட்டர் எங்கே மிஞ்சும்? அருங்காட்சியகத்தில் இருப்பதெல்லாம் யாரும் பிரிக்கத் துணியாதவை: ஞானஸ்நானச் சால்வை, ஆயரின் கையுறை, 1649இல் தலை துண்டிக்கப்பட்டபோது இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் அணிந்திருந்ததாகச் சொல்லப்படும் பட்டுப் பின்னல் சட்டை. மீன்பிடிக்கப் போனவனின் ஸ்வெட்டர் அவன் மகனுக்காகி, பேரனின் காலுறையாகி, தேய்ந்தே போயிருக்கும். ஆகவே கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்து எழுதினால் பின்னலின் வரலாறு பணக்காரர்களின் வரலாறாகத்தான் தெரியும்.

விதிவிலக்காக ஒருவர் அகப்பட்டார். 1951இல் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில், கன்னிஸ்டர் என்ற இடத்துக்குப் பக்கத்தில், அடுப்பெரிக்கக் கரிச்சேற்றை வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு மனிதனின் உடுப்புகள் கிடைத்தன. உடம்பு ஏறக்குறைய கரைந்துவிட்டது. கம்பளி மட்டும் அப்படியே இருந்தது. சட்டை, கால்சட்டை போக, பின்னிய குல்லாய்கள், கையுறை, நீளக் காலுறை, ஒரு சுருக்குப்பை. பைக்குள் நெதர்லாந்து, ஸ்வீடன் காசுகள் மூன்று. கடைசிக் காசின் ஆண்டு 1690. எனக்கு முக்கியம் அந்தக் காலுறைதான். நடந்து தேய்ந்த பாதத்தில் ஒட்டுப்போட்டிருந்தார்கள். பெயர் தெரியாத அந்த ஆளின் உடுப்பு இன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மன்னரின் சட்டையைவிட நான் இதற்குத்தான் கூடுதல் மரியாதை கொடுப்பேன்.

அந்தக் காலத்தில் பின்னல் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. 1589இல் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் எந்திரத்தைச் செய்தார். இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் அதற்குக் காப்புரிமை தர மறுத்தார். ஆனாலும் எந்திரம் பரவியது, கைப்பின்னல்காரர்களின் கூலி தேய்ந்தது. ஷெட்லாந்துப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டிலும் விடாமல் பின்னினார்கள். அவர்களுக்குக் கடைக்காரர் கொடுத்தது பணமாக இல்லை, துணியும் தேயிலையும்தான். 1872இல் அரசு நியமித்த விசாரணையில் இவை பதிவாகியிருக்கின்றன: பின்னிக் கொடுத்துத் தேயிலை வாங்கி, அந்தத் தேயிலையை அண்டை வீட்டில் கொடுத்து மாவு வாங்கிய பெண்களின் கதைகள். தேயிலை மலையில் பிறந்தவள் என்பதால் இந்த இடம் எனக்குத் தொண்டையில் நிற்கும்.

இன்னொரு பக்கம், வசதியான வீட்டுப் பெண்களுக்கு அதே ஊசி பொழுதுபோக்காகிக்கொண்டிருந்தது. எடின்பரோவில் நூல் கடை நடத்திய ஜேன் காகெய்ன் 1840இல் பின்னல் முறைகளைப் புத்தகமாகப் போட்டார். நூல் விற்பவரே பின்னவும் சொல்லித்தரும் வழக்கம் அப்போதே வந்துவிட்டது. புது நூல் விற்க வேண்டியவர் பழைய நூலைப் பிரிக்கச் சொல்வாரா?

அதையும் அரசாங்கமே சொல்லவேண்டிய காலம் வந்தது. இரண்டாம் உலகப்போரில், 1941 ஜூன் 1 முதல் பிரிட்டனில் உடுப்புக்கும் ரேஷன் கூப்பன். முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 66. பின்னல் நூல் 2 அவுன்ஸுக்கு ஒரு கூப்பன். அதாவது சுமார் 57 கிராம். பெரியவர் ஒருவருக்கு முழுக்கை ஸ்வெட்டர் பின்ன 450 கிராம் வேண்டுமென்றால் 8 கூப்பன் போய்விடும். வீட்டிலிருக்கும் பழைய ஸ்வெட்டரைப் பிரித்தால் ஒரு கூப்பனும் வேண்டாம். 1943இல் அரசே 'இருப்பதைச் சரிசெய்து உடுத்துங்கள்' என்ற பொருளில் ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டது. பிரித்தால் நூல் எப்போதும் குறையும், முழங்கைப் பகுதி தேறாது. குறைந்ததை ஈடுகட்ட வேறு நிறத்தைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டுகளில் கோடு போட்டவையும் பல நிறக் கட்டம் போட்டவையும் பெருகியதற்கு இது ஒரு காரணம். அழகுக்குச் செய்ததென்று பின்னால் வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உடுப்புக் கூப்பன் 1949 மார்ச்சில்தான் ஒழிந்தது.

பழைய கம்பளிக்கு இன்னொரு வழியும் இருந்தது. இங்கிலாந்தின் யார்க்ஷயரில், பாட்லி ஊரில் 1813இல் பெஞ்சமின் லா, கம்பளிக் கந்தலைக் கிழித்துப் பஞ்சாக்கி, புதுக் கம்பளியோடு கலந்து நூற்றார். பிரித்த நூலில் இழை அப்படியே இருக்கும். கிழித்த பஞ்சில் இழை நறுங்கிப்போகும். மட்டமான சரக்குதான், ஆனால் மலிவு. அந்தத் தொழில் பிற்பாடு ஹரியானாவின் பானிபட்டில் பெரிதாக வேரூன்றியது. வெளிநாட்டுப் பழைய ஸ்வெட்டர்களும் கோட்டுகளும் கப்பலில் வரும். நிறவாரியாகப் பிரித்தடுக்குவார்கள், புதிதாகச் சாயம் ஏற்றும் செலவு மிச்சம். அப்படி வந்த கம்பளிகள் எத்தனையோ நிவாரண முகாம்களுக்குப் போயின. இப்போது பாலியெஸ்டர் போர்வை அந்தச் சந்தையையும் பிடித்துவருகிறது.

நம் திருப்பூர் பனியனும் பின்னல்தான், வட்ட எந்திரத்தில் பின்னியது. கட்டிங் டேபிளில் விழும் துண்டுகள் 'பனியன் வேஸ்ட்' என்று ஒர்க்ஷாப்புக்குக் கை துடைக்கப் போகும். மிச்சம் பஞ்சாகி, ஓ.இ. (ஓபன் எண்ட்) மில்களில் மறுபடி நூலாகும். பனியன் துணியை நாடா நாடாவாகக் கிழித்துக் கொக்கி ஊசியில் கூடை பின்னும் பெண்கள் இப்போது பெருகிவிட்டார்கள். எனக்கு அந்தத் தடிமன் பிடிக்காது. என்றாலும் தடுக்க மாட்டேன்.

நீங்களும் பிரிக்கப்போகிறீர்களா? முதலில் உள்பக்கத் தையலைப் பாருங்கள். ஓவர்லாக் அடித்த ஸ்வெட்டர் வேண்டாம். அது துணியாக வெட்டித் தைத்தது, துண்டு நூல்தான் வரும். சங்கிலித் தையல் என்றால் ஒரு முனையை உருவினால் போதும். முடித்த பக்கத்திலிருந்து பிரித்து, நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, அடியில் சின்னக் கனம் தொங்கவிட்டுக் காயவைத்தால் சுருள் போய்விடும். ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள்: தலைமுடி கருகும் வாடை வந்தால் கம்பளி, உருகி மணியாக உறைந்தால் பெரும்பாலும் அக்ரிலிக். அக்ரிலிக்கில் நீராவி படவிடாதீர்கள், துவண்டுபோனால் திரும்பாது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவோ பாட்டியோ பின்னிய, ஒட்டுப்போட்ட பழசு வீட்டில் கிடந்தால் அதில் ஒன்றையாவது பிரிக்காமல் வையுங்கள். யார் பின்னியது, எந்த ஆண்டு, நூல் எந்த ஸ்வெட்டரிலிருந்து வந்தது என்று ஒரு வெள்ளைத் துணியில் எழுதி உள்பக்கம் தைத்துவிடுங்கள்.