பதினேழு நோயாளர்

நாடு பிடித்த படைகளைப் பற்றி வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. நாட்டையே படுக்கையிற் கிடத்திய காய்ச்சலைப் பற்றியோ ஓரிரு வரிகளுடன் அமைகின்றன. 1934ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையிலே மூண்ட மலேரியா, சில மாதங்களுள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. காரணம் யாது? மழை பொய்த்தது. வெள்ளம் பெருகியோடும் ஈரவலயத்து ஆறுகள் வற்றின. படுகைகளில் எஞ்சிய குட்டைகளிலே நுளம்பு பெருகிற்று. கேகாலை போன்ற பகுதி மக்களுக்கு இந்நோய் அதிகம் பழக்கமில்லாதது; அதை எதிர்க்கும் வலிமை அவர்தம் உடலில் இல்லை. ஆற்று நீர் குறைவதைக் கொண்டே நோயின் வரவை முன்னறியலாம் என்பது அன்று பெற்ற பாடம்.

1946இல் வீடுகள்தோறும் டீ.டீ.ரீ. தெளிக்கத் தொடங்கினர். 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேரே! நோய் ஒழிந்ததென எண்ணித் தெளிப்பதை நிறுத்தினர், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. இவ்விரு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, மாணவரைச் சற்றுநேரம் பார்க்கவிடுவது என் வழக்கம்.

மீண்டும் பல்லாண்டு உழைப்பு. இரத்தத்துளிகளைச் சோதித்து, நோயுற்றோரைத் தேடிச் சென்று மருந்தளித்தனர். 2016இல் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. ஆயினும் பிறநாடுகளிலிருந்து திரும்புவோருடன் கிருமியும் வருகின்றது. களஞ்சியம் நிறைந்த பின்னரும் காவல் வேண்டுமன்றோ? நோயாளர் அருகிய நாளிலேதான் கணக்கெடுப்போர் கண் அயரலாகாது.