பன்னீர் தோற்ற ஆட்டம்

கலீஃபா முக்தஃபீ (902–908) அவையின் சதுரங்க வல்லுநர் மாவர்தீ என்பார். அவரை எதிர்த்து ஆட அபூபக்ர் அஸ்ஸூலி அழைக்கப்பட்டார். கலீஃபாவோ வெளிப்படையாகவே மாவர்தீயை ஊக்கினார். ஸூலி முதலில் திகைத்துப் போனார் என்று வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ எழுதுகின்றார்.

அக்கால ஷத்ரஞ்சில் மந்திரி மூலைவாட்டில் ஒரு கட்டமே நகரும். காலாளுக்கு முதல் நகர்விலும் ஒரு கட்டமே. எனவே படைகள் மோதுமுன் இருவரும் பொறுமையாக அணிவகுப்பர். இத்தொடக்க அணிக்குத் ‘தஅபியா’ என்று பெயர். ‘முஜன்னஹ்’, அதாவது சிறகுடையது, அவற்றுள் ஒன்று. இவ்வணிகளை ஆராய்ந்து நூலே யாத்தவர் ஸூலி. மனம் தெளிந்ததும் அவர் ஐயத்திற்கிடமின்றி வென்றார்.

‘மாவர்த்’ என்றால் பன்னீர். தோற்றவரை அப்பெயரை வைத்தே கலீஃபா எள்ளினார்; அப்பன்னீர் எதுவாயிற்றென்று அவர் சொன்னதை ஈண்டு எழுத நாம் கூசுகின்றோம்.